வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

19-1-97, ஞாயிறு

அடிபம்புத் தண்ணீரில் இன்றும் துரு வாடை. ஜானு அதிலேயே ரசம் வைத்துவிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. சொன்னால் மருமகளுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் எனக்குக் குமட்டும். எழுபது வயதில் எல்லாமே குமட்டுகிறது. கொசு, எதிர்வீட்டு டி.வி., சங்கரன் பல் தேய்க்கும்போது தொண்டையில் போடும் சத்தம். பெற்ற பிள்ளை என்பதற்காக அந்தச் சத்தத்தையும் ரசிக்க முடியுமா?

சாயங்காலம் பேத்தி ஸ்ரீரஞ்சனி குதித்துக்கொண்டு வந்தாள். கட்டடப் படிப்பு முடித்து அடையாறில் ஷாஹுல் ஹமீது என்பவரின் ஆபீசில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறாள்.

"பாட்டி, நம்ம அரும்பேடு வீட்டை எங்க ஆபீஸ் எடுத்துக்கப் போகுது."

"எடுத்துக்கிட்டு?"

"பழையபடியே ஆக்கப் போறோம்."

"பழையபடின்னா? கரெண்ட்டைப் பிடுங்கிடுவீங்களா?"

சிரித்தாள். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அரும்பேட்டு ஏரிக்கு நாரையும் கூழைக்கடாவும் வருகின்றன என்று அதைச் சரணாலயம் ஆக்கிப் பல வருஷம் ஆகிறது. ஏரியைச் சுற்றிப் புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது. இப்போது அடையாறில் மரபுக் கிராம அறக்கட்டளை என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. ஊரையே பழமை மாறாமல் காப்பாற்றப் போகிறார்களாம். பூட்டிக்கிடக்கும் எங்கள் வீட்டை ரஞ்சனி ஆபீசை வைத்து அவர்களே செப்பனிட்டு, வாசலில் என் மாமனார் பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். சங்கரனுக்கு முகமெல்லாம் பல்.

நான் அந்த வீட்டை நினைத்து உருகுகிறவள் இல்லை. புகை, பல்லி, வவ்வால் புழுக்கை. பதினாலு வயதில் கல்யாணமாகிப் போய் இருபது வருஷம் இருந்தேன். 61-ல் மேற்கு மாம்பலத்துக்கு வந்த அன்று குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன்.

ஆனால் பழைய ஊர் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டுமாம். அவர் போய்விட்டார். கொழுந்தனார் போய்விட்டார். நான்தான் பாக்கி.

25-1-97, சனி

அடையாறு போனேன். ஆட்டோக்காரன் வாய் ஓயவில்லை. "இன்னா ஆயா, பட்டுப்பொடவ எல்லாம் கட்டிக்கினு, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான். "இல்லடா, ஊரை எழுதி வைக்கப் போறேன்" என்றேன். "எனக்கும் ஒரு கிரௌண்டு எழுதி வை" என்றான். தடியன்.

ஹமீதுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். மேஜை நிறையத் தாளை விரித்து, "நீங்க சொல்லுங்கம்மா, நான் போடறேன்" என்றார். பக்கத்தில் அறக்கட்டளையின் செயலாளர் விசாலாக்ஷி. அவள் கழுத்தில் தட்டான் கடையில் பார்த்த மாதிரி பெரிய வெள்ளிக் காசுமாலை. எங்கள் பக்கத்தில் அதை மாட்டுக்குக்கூடப் போடமாட்டோம்.

பிள்ளையார் கோயிலில் ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை வீடு, எங்கள் வீடு, உப்புக்கிணறு, நல்ல கிணறு, களம், மந்தைவெளி. எந்த வீட்டுக்கு எத்தனை தூண், எதற்கு முற்றம் உண்டு, எதற்கு இல்லை, எந்த வாசல் கிழக்கு, எது வடக்கு — கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். இருபத்திரண்டு வீடு. ஒன்று தப்பவில்லை. "பாட்டி கம்ப்யூட்டர்!" என்றாள் விசாலாக்ஷி.

"தெற்கால ஊர் எதோட முடியுதும்மா?" ஹமீது கேட்டார்.

"வாய்க்காலோட சரி."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் என்ன, வயல்தான்."

அப்படியே எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுப் பெயரும் போட்டேன்.

26-1-97

அஞ்சாம் கிளாஸோடு என்னை நிறுத்தினார் அப்பா. நான் சொல்லச் சொல்ல ஒரு எஞ்சினீயர் எழுதிக்கொண்டார். அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

9-2-97, ஞாயிறு

வேனில் அரும்பேடு. விசாலாக்ஷி, ஹமீது, ரஞ்சனி, ஜவஹர் என்று ஒரு போட்டோக்காரர், நான்.

சீ. எப்படிப்பட்ட ஜனங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சிமெண்ட்டில் ஒரு பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். அது போட்டோவில் வருகிறதாம். தென்னங்கீற்றுத் தட்டி வைத்து அதை மூடச் சொன்னாள் விசாலாக்ஷி. மூடினார்கள். ஒன்றரை மணி நேரம். அந்த வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாதம். அவள் உள்ளே போகவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான்தான் போய்த் தட்டியைத் தள்ளிவிட்டேன். "என்ன மாமி, லைட் போயிடுத்தே!" என்கிறாள் விசாலாக்ஷி. லைட்டாம்.

அதற்கப்புறம் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெண்ணை நைட்டியைக் கழற்றிவிட்டுத் தாவணி கட்டச் சொன்னார்கள். பகல் பதினோரு மணிக்கு அவள் வாசலில் கோலம் போட வேண்டும். அந்த வீட்டு ஆள் எவனாவது "மாட்டேன்" என்றானா? பல்லைக் காட்டிக்கொண்டு டி.வி. ஆன்டெனாவை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எங்கள் வீட்டைத் திறந்தோம். வாடை குப்பென்று அடித்தது. பின்கட்டில் ஹமீது ஒரு இடத்தில் நின்றுவிட்டார். அங்கே சுவரில், என் மார்பு உயரத்தில், ஒரு கல் இருக்கிறது. உள்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். அங்கிருந்து சுவருக்குள் சரிவாகப் போய், வெளிப்பக்கம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

"மழைத்தண்ணி பிடிக்க எப்படி யோசிச்சிருக்கா பாருங்கோ!" விசாலாக்ஷி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இது ஒண்ணு போறும், ஒரு கண்காட்சியே வெக்கலாம்."

"சரிவு உள்ளேர்ந்து வெளியே போகுது மேடம்," என்றார் ஹமீது. "மழை என்ன, சமையல்கட்டுலயா பெய்யுது?" என் பக்கம் திரும்பினார். "இது எதுக்கும்மா?"

ரஞ்சனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி கழுவுற தண்ணி ஊத்துவோம். வெளியில மாட்டுத் தொட்டி இருந்தது" என்றேன்.

ஹமீது அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

10-2-97

அரிசி கழுவின தண்ணீர் இல்லை. கூழ்.

பண்ணையாட்கள் பின்பக்கமாக வந்து நிற்பார்கள். உள்ளே இருந்து கல்லில் ஊற்ற வேண்டும். அது வெளியே ஒழுகும். அவர்கள் கலயத்தையோ பனையோலையையோ கீழே பிடித்துக்கொள்வார்கள். நம் பாத்திரம் அவர்கள் பாத்திரத்தில் படக்கூடாது. அதற்காகத்தான் அந்தக் கல். புதுமருமகளின் வேலை அது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "அங்க ஊத்து" என்பாள் மாமியார். அவ்வளவுதான்.

பேத்தி முன்னால் இதைச் சொல்ல முடியுமா? ஒரு தலைமுறை வெட்கத்தைக் கொண்டுபோய் மைக் வைத்துச் சொல்ல நான் என்ன பைத்தியமா? வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

2-3-97, ஞாயிறு

வரைபடம் அச்சாகி வந்தது. கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான் சங்கரன். கீழே 'தகவல்' என்று என் பெயர். வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் காட்டுகிறான். கியாஸ் கொண்டுவந்த ஆளிடம்கூட. நானும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் இரண்டு தடவை படித்தேன்.

20-3-97, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை. "அரும்பேடு ஆயா வூடு இதானா?" என்றாள். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பெயர் தேவானை, அரும்பேட்டு பால்வாடியில் வேலை என்றாள்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"கன்னிமா பொண்ணு. காலனி."

"எந்தக் காலனி?" — கேட்டேவிட்டேன்.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட."

பையிலிருந்து வனத்துறை நோட்டீஸ் ஒன்றை எடுத்தாள். சரணாலய எல்லைக்குள், பழைய கிராமத்தின் வரைபடத்தில் காணப்படாத இருபத்தாறு குடியிருப்புகள் ஆக்கிரமிப்பு, ஏப்ரல் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. பின்னால் ஒரு ஜெராக்ஸ். என் வரைபடம்.

"இது உங்க கையெழுத்தா ஆயா?"

"ஆமாம்."

"ஊரு வாய்க்காலோட முடிஞ்சிடுதுன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"நான் ஊரைத்தானேம்மா சொன்னேன்."

"அப்ப நாங்க எந்த ஊரு?"

ஜெராக்ஸை என் பக்கமாகத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள்.

"வயல்னு எழுதிக்கீது பாருங்க. எங்கம்மா எழுவது வருசமா அந்த வயல்லதான் பட்த்துத் தூங்கிக்கினு கீது. நெல்லுக்கு நடுவுல."

"நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லையேம்மா. பார்த்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

"நீங்க வரலன்னா நாங்க இல்லாம பூடுவோமா? ஒங்க வூட்டு பின்னாடி கூழு குடிக்க வந்தாங்களே, அவங்கல்லாம் இன்னா, வானத்துலேர்ந்து எறங்கி வந்தாங்களா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

பட்டா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "பட்டா இருந்தா ஒங்க மொகத்துல நான் ஏன் முழிக்கப் போறேன்?" என்றாள். ஜானு காப்பி கொண்டுவந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். போகும்போது ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தாள். "நல்லா மாட்டிக்கிறீங்க" என்றாள்.

21-3-97

வீட்டில் சண்டை.

சங்கரன்: "உனக்கு எதுக்கும்மா இது? நீ தெரிஞ்சு பொய் சொல்லல. தெரியாம விட்டுப்போச்சு. அவங்க பாட்டுக்கு ஆபீஸ்ல மனு கொடுக்கட்டும்."

"மனு கொடுத்தா என் கையெழுத்தை எடுத்துக் காட்டுவானேடா."

"தாத்தா பேர்ல பலகை வைக்கிற நேரத்துல நீ கூழு கீழுன்னு ஆரம்பிக்காதே."

இவனுக்குத் தெரிந்திருக்கிறது! நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையாக அந்தப் பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்தவன்தானே. பார்த்திருக்கிறான். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரஞ்சனி தன் ஆபீசில் கேட்டுவிட்டு வந்தாள். அந்தக் காலத்திலேயே அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் வரைபடத்தை மாற்றுவார்களாம். பழைய கட்டடம், கல்வெட்டு, பத்திரம், ஏதாவது. "மண்சுவர்ல கல்வெட்டுக்கு எங்க போறது பாட்டி?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் வேலை பார்க்கிற ஆபீஸ் போட்ட கோடு அது.

25-3-97

அந்த வாய்க்கால் மூன்று அடி அகலம் இருக்குமா? சின்னப் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும். இருபது வருஷம் அந்த ஊரில் இருந்தேன். ஒரு நாள்கூட.

30-3-97, ஞாயிறு

ஹமீது வீட்டுக்கு வந்தார். சங்கரன் கடைக்குப் போயிருந்த நேரம். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தக் கல் எதுக்கும்மா?"

சொன்னேன். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து ஊற்றினது, "அங்க ஊத்து" என்றது, எல்லாம். முடிக்கிறவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"அறுவடைக் காலத்துல நாற்பது ஐம்பது பேர். மத்த நாள்ல இருபது."

"அந்தக் கல்லைப் பின்னாடி சொருகல. சுவரோட சேர்த்து வெச்சுக் கட்டியிருக்காங்க, நான் பார்த்தேன். உங்க வீட்டு நிலைப்படியில 1889-னு வெட்டியிருக்கு. வீடு கட்டுறப்பவே தினம் இருபது பேருக்கு ஊத்த வழி வெச்சிருக்காங்கன்னா, அந்த இருபது பேரும் அன்னைக்கே பக்கத்துல குடியிருந்திருக்கணும். இதைவிடப் பெரிய ஆதாரம் வேற கிடையாது. நீங்க எழுதிக் கொடுக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதற்குக் கூசியது? ஊற்றினதற்கா? எழுதச் சொன்னதற்கா?

"எழுதினா மாமனார் பேர்ல பலகை?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. இருக்கிறது என்று எழுதும்போதே என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

2-4-97

எழுதவில்லை. பேனாவில் மை இல்லை என்று சங்கரனிடம் சொன்னேன். மை இருந்தது.

6-4-97, ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு ஹாலில் அறக்கட்டளையின் கண்காட்சி. எனக்குப் பொன்னாடை என்று முன்னமேயே சொல்லியிருந்தார்கள். வரமாட்டேன் என்றேன். சங்கரன் காலில் விழாத குறை. போனேன்.

வாசலிலேயே என் ஊரைக் கட்டிவைத்திருந்தார்கள். தெர்மாகோலில். இருபத்திரண்டு வீடு, ஏரி, பஞ்சு ஒட்டின கொக்கு. வாய்க்காலுக்கு நீல ரிப்பன். அந்தப் பக்கம் பச்சைத் துணி.

சுவர் நிறையப் போட்டோ. நடுவில், ஆள் உயரத்துக்கு, அந்தக் கல். அதன் கீழே 'முன்னோரின் நீர் அறிவு' என்று எழுதியிருந்தது. ஒருவர் தன் மகனைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

அதற்குப் பக்கத்தில் மேஜை. மண்குவளையில் கேழ்வரகுக் கூழ். மோர்மிளகாய், சின்ன வெங்காயம். பட்டுப்புடவைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கின்றன. "ரொம்ப ஹெல்தியாம்." "ஷுகருக்கு நல்லதாம்." "வாரம் ஒரு நாள் ஆத்துல பண்ணணும்." விசாலாக்ஷி ஒரு குவளையை எடுத்து என் கையில் திணித்தாள். "உங்களுக்கு ஊர் ஞாபகம் வரணுமே மாமி!"

புளித்த வாடை. மூக்குக்குப் போனதும் குவளையை விலக்கிப் பிடித்தேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் அதைக் குடித்ததே இல்லை. ஊற்றியிருக்கிறேன்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு போகவில்லை. என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. இப்படித்தான் இருக்கும்:

"அந்தப் போட்டோவுல இருக்கிறது மழைத்தண்ணி வழி இல்லை. கூழ் ஊத்துற வழி. இதோ நீங்கல்லாம் குடிக்கிறீங்களே, இதே கூழ். நாங்க உள்ள நின்னு ஊத்துவோம். அவங்க வெளியில நின்னு பிடிச்சுக் குடிப்பாங்க. தொட்டுடக் கூடாதுன்னு கல்லுல ஓட்டை போட்டு வெச்ச அறிவு அது. அவங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வருவாங்க. அங்க வயல்னு நான்தான் சொன்னேன். தப்பு. வீடு இருக்கு. எங்க வீட்டுக்கு என்ன வயசோ அந்த வீடுகளுக்கும் அதே வயசு."

விசாலாக்ஷி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினாள். "பாட்டிக்கு வயசாயிடுத்து, பழைய ஞாபகங்கள்ல கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு..."

எனக்கு வந்ததே கோபம்! மைக்கைத் திரும்பப் பிடுங்கினேன்.

"இருபத்திரண்டு வீட்டுக்குத் தூண் எத்தனைன்னு சொன்னப்ப வயசாகலையா? அப்ப கம்ப்யூட்டர்னியே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஹமீது எழுந்து வந்தார். ரஞ்சனி பையிலிருந்து காகிதம் எடுத்தாள். கூழ் மேஜையில் குவளைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே எழுதினேன். நானே எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். ஹமீது சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சங்கரன் முதல் வரிசையில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

7-4-97

சங்கரன் பல் தேய்க்கும்போதுகூடச் சத்தம் போடவில்லை. ஹாலில் மாட்டியிருந்ததைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டான்.

மத்தியானம் ஜானு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மா வீட்டுலயும் இருந்தது அத்தை. கல் இல்லை. மூங்கில்."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இப்போதுதான் சொல்கிறாள். நான் முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய.

24-4-97, வியாழன்

இரண்டு செய்தி.

ஒன்று, அறக்கட்டளையிலிருந்து கடிதம். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' எங்கள் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பலகை கிடையாது. அதற்குப் பதில் கணக்குப்பிள்ளை வீடாம். அந்த வீட்டுப் பின்கட்டுச் சுவரில் மார்பு உயரத்தில் புதுப்பூச்சு ஒன்று இருக்கிறது, பிப்ரவரியிலேயே பார்த்தேன். எதை மூடிப் பூசினாய் என்று ஒரு தபால் போட்டுக் கேட்கலாமா? தூ. எத்தனை சுலபமாக இருக்கிறது இவர்களுக்கு.

இரண்டு, நோட்டீசை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மே பதினைந்துக்குள் திருத்தின வரைபடம் வந்து சேர வேண்டும். ஹமீது அறக்கட்டளை வேலையை விட்டுவிட்டுத் தன் பொறுப்பில் அதை வரைகிறார். ரஞ்சனியும் அவரோடு இருக்கிறாள்.

"நீங்க வந்தா நல்லது பாட்டி" என்றாள்.

"எனக்கு அங்க ஒண்ணுமே தெரியாதேடி. நான் எதைச் சொல்ல?"

"சொல்ல வேண்டாம். வாங்க."

4-5-97, ஞாயிறு

மாம்பலத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, வெயிலில். ஏரி வற்றிக்கிடக்கிறது. பறவைகள் எல்லாம் போய்விட்டன. சேற்று வாடை மட்டும் இருக்கிறது.

வாய்க்கால்மேல் ஒரு மின்கம்பத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் தயங்கி நின்றேன். தேவானை அந்தப் பக்கத்திலிருந்து, "சேலைய தூக்கிச் சொருவிக்கினு வா ஆயா, ஒண்ணும் ஆவாது" என்றாள். கையை நீட்டவில்லை. நானாகத் தாண்டினேன்.

தேவானை சொல்லச் சொல்ல ஹமீது வரைந்தார். இது மூணு தலைமுறை வீடு, இது பூந்தோட்டத்துக்காரர் வீடு, இந்தக் கிணறு அவங்க தாத்தா வெட்டினது, இங்கே மாரியம்மன் மரம். எந்த வாசல் எந்தப் பக்கம், எந்தச் சுவர் பழசு, எது போன வருஷம் இடிந்து மறுபடி வைத்தது. ஒன்று தப்பவில்லை அவளுக்கு. இருபத்தாறு வீடு. ரஞ்சனி டேப் பிடித்தாள். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு கிழவர், "இந்தம்மா யாரு, ஆபீஸ்லேர்ந்தா?" என்று கேட்டார். தேவானை அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கடைசி வீடு தேவானையுடையது. கூடத்தில் அவள் அம்மா கன்னியம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு.

"யம்மா, பெரிய வூட்டு ஆயா வந்துகீது."

"யாரு? புதுப்பொண்ணா வந்துச்சே, அதுவா?"

"ஆமாம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியலியே."

கண் மங்கிவிட்டதாக்கும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணுலாம் நல்லாத்தான் கீது. ஒம் மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன். அன்னிக்குல்லாம் கைதான தெரியும். கைய காட்டு."

"யம்மா, மருவாதியா பேசு" என்றாள் தேவானை.

"இன்னா மருவாதி? அதுக்கும் எனக்கும் ஒரே வயசு."

காட்டினேன். என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் விரலெல்லாம் மல்லாட்டை மண்.

"இதான்" என்றாள். "ஒங்க மாமியாக்காரி கெட்டியா ஊத்தும். நீ வந்தப்பொறம்தான் தண்ணியா பூட்ச்சி."

சொல்லிவிட்டு என் கையை என் மடியில் திருப்பி வைத்தாள். முறத்தை இழுத்துக்கொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். ஹமீது தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரஞ்சனி வெளியே பார்த்தாள்.

அது உண்மை. பானையில் மிச்சம் இருந்தால் மாமியார் என்னைக் கெட்டிக்காரி என்பாள் என்று ஒரு சொம்பு தண்ணீர் சேர்ப்பேன். தினமும் சேர்ப்பேன்.

மாம்பலம் வந்து சேர்கிறவரை அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டியாக ஊற்றியிருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்.